நத்தைக்கு ஒரு கூரை

முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் கூரையில் ஏறி, "இது ஏன் ஒழுகிச்சு?" என்று கேட்டே சோறு தின்றவர் அவர். இன்ஷூரன்ஸ் சர்வேயர். கடை எரிந்தாலும் சரி, கிடங்குக்குள் தண்ணீர் புகுந்தாலும் சரி, ஒரு டார்ச்சும் டேப்புமாகப் போய் இறங்குவார். சேதத்துக்குக் காரணம் இன்னதென்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். அலுவலகத்தில் அவருக்குக் காரணத்தார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

பொய்யை அவர் வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவார். அதற்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தார். நிஜமாகவே நஷ்டப்பட்டவன் முதலில் கத்துவான், பிறகுதான் துடைப்பான். தப்புச் செய்தவன் முதலில் துடைத்துவிட்டுப் பிறகு கத்துவான். தரை காய்ந்திருந்து தொண்டை மட்டும் ஈரமாக இருந்தால் காரணத்தார் பேனாவை எடுத்துவிடுவார்.

ஓய்வு பெற்றதும் இப்படிப்பட்டவர்கள் தோட்டம் போடுவார்கள், இல்லாவிட்டால் அக்கம்பக்கத்துச் சண்டைக்குப் பஞ்சாயத்துப் பண்ணுவார்கள். இவர் ஒரு மோட்டார் ஹோம் வாங்கினார். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் வயிற்றுக்குள் வைத்திருக்கிற பழைய வண்டி. ஊர் ஊராகச் சுற்றப்போவதாகச் சொன்னார். வருஷத்துக்குப் பத்து நாள் சுற்றினார்கள். மிச்ச நாளெல்லாம் அது வீட்டின் பக்கவாட்டில், வெயிலில், நின்ற இடத்திலேயே நின்றது. மனைவி அதற்கு நத்தை என்று பெயர் வைத்தாள். "நத்தையாவது நகரும்" என்றான் அவளுடைய தம்பி.

வாங்கிய புதிதிலேயே அதற்கு ஒரு ஷெட் போட வேண்டும் என்றார் காரணத்தார். வேண்டாம் என்றாள் மனைவி. அவள் டெய்லர். முன்னறை ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின். வண்டி அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே, நாலடி தள்ளி நின்றது. ஆனாலும் வண்டியின் முதுகுக்கு மேலே இருந்த வானம் முழுக்க ஜன்னலுக்குத்தான் சொந்தம். ஷெட் போட்டால் தகரம் வீட்டுச் சுவரோடு வந்து முட்டும், ஜன்னல் அதன் அக்குளுக்குள் போய்விடும். வேறு இடமும் இல்லை. முன்பக்கம் மின்கம்பி போகிறது, பின்பக்கம் சைக்கிள் நுழையத்தான் வழி.

"எனக்கு வெளிச்சம் வேணுங்க. ட்யூப் லைட்டுல கறுப்பும் கருநீலமும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க மாதிரி இருக்கும்" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

காரணத்தாருக்கு ஒரு ரகசியப் பழக்கம் உண்டு. மத்தியானத்தில், "இன்ஜினைப் பார்த்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய், வண்டிக்குள் மெத்தையில் நீட்டிப் படுப்பார். இன்ஜின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே அவருக்குச் சற்று யோசித்துத்தான் சொல்ல வரும். காற்றுக்காகக் கூரையிலுள்ள சதுர மூடியைத் திறந்து வைத்துக்கொள்வார். மகள் புது வீடு மாறியிருந்தாள். அவளைப் பார்க்க அடுத்த வாரம் கிளம்ப வேண்டும் என்று ஏற்பாடு. அதற்கு முந்தைய வாரம் ஒரு நாள், தூக்கம் கலைந்து எழுந்தவர் மூடியைச் சாத்த மறந்து வந்துவிட்டார். அன்று மாலை பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை.

மூன்றாம் நாள் காலை வண்டிக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மெத்தை ஊறிய ரொட்டியாகக் கிடந்தது. பிளைவுட் சுவர் உப்பியிருந்தது. மேலே சதுரமாக, ஒளிவுமறைவே இல்லாமல், ஆகாயம் தெரிந்தது.

அவர் மூடியை இழுத்து மூடினார். தாழ்ப்பாளைத் திருகினார். விளிம்பில் சொட்டிய தண்ணீரைக் கைக்குட்டையால் துடைத்தார். அதற்குப் பிறகுதான், "ஐயோ, இங்க வந்து பாரேன்!" என்று கத்தினார்.

கத்தும்போதே சூத்திரம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து போன சத்தத்தைத் திரும்ப விழுங்க முடியாதே.

ஓடி வந்த மனைவி மார்பில் கை வைத்துக்கொண்டாள். "எப்படிங்க?"

"வெயில்தான். மேல தகடு சேர்ற இடத்துல பசை வெடிச்சிருக்கும். அது வழியாத்தான் தண்ணி இறங்கியிருக்கு. ஒரு ஷெட் மட்டும் இருந்திருந்தா..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை என்பதைப் பிற்பாடு தனக்குச் சாதகமான ஒரு சாட்சியமாகப் பலமுறை எடுத்துப் பார்த்தார். முடித்தவள் அவள்தான். "நான்தானே வேண்டாம்னேன்" என்றாள். "ஒரு ஜன்னலுக்காக."

அவர் தலையை ஆட்டவில்லை. ஆனால் ஆட்டாமலும் இல்லை.

அதன்பிறகு காரியங்கள் அவரைக் கேட்காமலே நடந்தன. மகளிடம் பயணம் ரத்து என்று சொன்னதும் மனைவிதான், காரணம் சொன்னதும் மனைவிதான். "எல்லாம் என் பிடிவாதத்தால வந்தது" என்றாள். தம்பி வந்து உப்பிய சுவரைத் தட்டிப் பார்த்தான். "ஏன்க்கா, ஊசியில நூல் கோக்கறதுக்கு ஒரு வண்டியவே பலி குடுத்திட்டியே! மாமா அப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டாரே" என்றான். மாமா அடித்துக்கொண்டிருந்த தலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அவர் குளித்துவிட்டு வருவதற்குள் தையல் மெஷின் பின்னறைக்குப் போயிருந்தது. பழைய பெட்டிகளும் இஸ்திரி மேஜையும் கிடக்கிற, ஜன்னல் இல்லாத அறை.

"என்ன அவசரம்?" என்றார்.

"எப்படியும் ஷெட் வந்தா வெளிச்சம் போகும். இப்பவே பழகிக்கறேன். நீங்க வெல்டரை வரச் சொல்லுங்க." குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். மன்னிப்புக் கேட்கிற குரலாக இருந்தது.

வெல்டர் வந்தார். ஏணி வைத்து வண்டி மேல் ஏறி, நாலு மூலையும் நடந்து பார்த்து, தட்டிப் பார்த்து, குந்தி உட்கார்ந்தார்.

"சார், பசை எங்கயும் வெடிக்கலையே. குழந்தை கன்னமாட்டம் இருக்கு."

"மெதுவாப் பேசுப்பா."

வெல்டர் சதுர மூடியைப் பார்த்தார். கீழே இவரைப் பார்த்தார். மறுபடி மூடியைப் பார்த்தார். "இது மட்டும் திறந்து கிடந்துச்சுன்னா..."

"டேப்பைப் பிடி, அளவு எடுக்கணும்."

"எனக்கென்ன சார், நான் கம்பி ஒட்டறவன். கோர்ட்டுக்கா வரப்போறேன்?" இறங்கி வந்து பேச்சை மாற்றினார். "வருஷத்துல எத்தனை நாள் ஓட்டுவீங்க?"

"பத்து."

"மிச்ச நாள் வெயில்ல நிக்கும். அப்ப ஷெட் லாயக்குத்தான் சார். டயரு காயும், பெயிண்ட் வெளுக்கும். பசையும் இன்னும் நாலு வருஷத்துல வெடிக்கத்தான் போகுது. நீங்க சொன்னது நாலு வருஷம் கழிச்சு நிஜமாயிடும்."

இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு காரணத்தார் இரண்டு நாள் ஓரளவு நிம்மதியாகச் சாப்பிட்டார். தான் சொன்னது பொய்யில்லை, கொஞ்சம் முந்திக்கொண்ட உண்மை. ஷெட் தேவைதான். தேவையான ஒன்றுக்குச் சொன்ன காரணம் மட்டும் தப்பு. இதைவிடக் கேவலமான சமாதானங்களை அவர் மற்றவர்களிடம் கேட்டிருக்கிறார். கேட்டதும் ஃபைலை மூடி, "கொடுக்க வேண்டியதில்லை" என்று எழுதியிருக்கிறார். ஷெட் வண்டிக்கு நல்லதா என்று கேட்டால் நல்லதுதான். அவருக்கு முன்னால் இருந்த கேள்வி அதுவல்ல, அது அவருக்கும் தெரியும். இருந்தும் வசதியான கேள்விக்கே திரும்பத் திரும்பப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெல்டர் பைப்புகளை வெட்டியாகிவிட்டது என்றும் நாளை வருவதாகவும் சொல்லி அனுப்பிய அன்று, ஒரு வக்கீலம்மா தன் கறுப்புக் கோட்டை வாங்கிப்போக வந்தார். போட்டுப் பார்த்தவர் முன்னறை ஜன்னல் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். கைமடிப்பு முழுக்கக் கருநீல நூல். பகல் வெளிச்சத்தில் அது வரப்பு வெட்டியதுபோல் தெரிந்தது.

"பரவாயில்லைக்கா, ஜட்ஜ் என் கையையா பார்க்கப் போறாரு? வாயைத்தான் பார்ப்பாரு" என்று வக்கீலம்மா சிரித்தார்.

மனைவி சிரிக்கவில்லை. கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். "சாயங்காலம் தரேம்மா" என்று அனுப்பிவிட்டு, ஜன்னலில் மடிப்பை வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு காரணத்தாரிடம், "கண்ணு போயிடுச்சு போலங்க. இத்தனை வருஷத்துல இப்படி நடந்ததே இல்லை. கண்ணாடி மாத்திப் பார்க்கணும். அதுக்கும் சரியாகலைன்னா தையலையே விட்டுட வேண்டியதுதான்" என்றாள்.

வண்டிக்குத் தன்னைக் குற்றவாளியாக்கிக்கொண்டாள், இப்போது நூலுக்குத் தன் கண்ணை. இப்படியே விட்டால் வீட்டில் எது உடைந்தாலும் அவளே ஆள் என்று ஆகிவிடும். ஒரு ஆள் இவ்வளவு சுலபமாகக் குற்றத்தை ஒப்புக்கொள்வதை அவர் தொழிலில் கண்டதே இல்லை.

பின்னறையில் பிளேடால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ட்யூப் லைட் எரிந்தது. அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெயில் இல்லை" என்றார்.

"பட்டப்பகல்ல என்ன வெயில் இல்லை?"

"வண்டி ஒழுகினதுக்கு. பசையும் வெடிக்கலை. மேல இருக்கிற மூடியைத் திறந்து போட்டுட்டு வந்துட்டேன். நான்தான்."

பிளேடு நின்றது. "நீங்க ஏன் அதைத் திறந்தீங்க?"

"தூங்கப் போனேன்."

"இன்ஜின் பார்க்கப் போறேன்னு..."

"தூங்கத்தான்."

அவள் இதற்குக் கோபப்படவில்லை. சொல்லப்போனால் உதடு லேசாகக் கோணியது. அந்த வினாடியில் தப்பித்துவிட்டோம் என்றே காரணத்தார் நினைத்தார். மறந்து போவது யாருக்கும் வரும். ஆனால் முப்பத்தொரு வருஷம் ஒரு சர்வேயருடன் குடித்தனம் பண்ணியவள் அவள். மெதுவாகக் கேட்டாள்.

"நான் வந்து பார்க்கும்போது அது மூடியிருந்துச்சே?"

அவர் ட்யூப் லைட்டைப் பார்த்தார்.

"'ஐயோ, வந்து பாரேன்'னு கத்துனீங்களே. அது மூடினதுக்கு அப்புறமா?"

"ஆமா."

அவள் கோட்டை மடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். "மூடியைத் திறந்து போட்டுட்டு வந்தது மறதி. அது மனுஷன். மூடிட்டுக் கத்துனது யாருங்க?"

"உன்னைச் சொல்லணும்னு நினைக்கலை. நான் யார்கிட்டயும் உன் பேரைச் சொல்லலையே."

"ஆமா. நானே சொன்னேன். நீங்க பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க. இருபத்தாறு நாள்." விரல்விட்டு எண்ணிப் பார்க்காமலே சொன்னாள். "அந்த ஜன்னல் பக்கம் நான் இருபத்தாறு நாளாத் திரும்பிக்கூடப் பார்க்கலை, தெரியுமா? திருடின இடம் மாதிரி இருந்துச்சு."

எழுந்து மெஷினைத் தள்ள ஆரம்பித்தாள். அவர் மறுபக்கம் பிடிக்கப் போனார்.

"தொடாதீங்க."

"கனமா இருக்குமே."

"கொண்டு வரும்போதும் கனமாத்தான் இருந்துச்சு. அப்ப நீங்க குளிச்சிக்கிட்டிருந்தீங்க." நடையில் நின்று மூச்சு வாங்கினாள். "நீங்க வேற வேலை பாருங்க. நான் யார் யார்கிட்ட என்னைச் சொன்னேனோ, அவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நீங்க உங்களைச் சொல்லுங்க. இப்பவே. எனக்குக் கேக்கற மாதிரி."

அவர் போனை எடுத்துக்கொண்டு கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சுலபமானதிலிருந்து தொடங்கினார். ஷெட் வேண்டாம் என்று வெல்டரிடம் சொன்னார், தார்ப்பாய் உறை ஒன்று தைத்துப் போட்டுக்கொள்கிறோம், பைப்பு வெட்டிய கூலி எவ்வளவோ வாங்கிக்கொள் என்றார். மூடியைத் திறந்து போட்டவன் நான்தான் என்பதையும் சொன்னார்.

"அது ஏணியில நிக்கும்போதே தெரியும் சார்" என்றார் வெல்டர். "வீட்டம்மாவுக்கு இன்னைக்குத்தான் தெரியுமா?" காரணத்தார் போனை வைத்துவிட்டார்.

மச்சான் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, நீங்களா! ஊரையே மடக்கினவரு, உங்க வீட்லயே மாட்டிக்கிட்டீங்களே!" சிரிப்பு எங்கேயோ முட்டி நின்றது. "ஆனா மாமா, நான் அக்காவை அன்னிக்கு ரொம்பப் பேசிட்டேனே. நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்."

மூன்றாவதாக மகள். அவளிடம் சொல்வதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். நடையில் மெஷினின் சக்கரம் ஒரு ஓட்டின் விளிம்பில் சிக்கி நிற்பதும், மனைவி அதைத் தூக்கி வைப்பதும் கேட்டது. ஒரே பக்கத்தில் எழுதுகிறவர் ஆகையால் மகளிடமும் சுருக்கமாகச் சொன்னார். எங்கே படுத்தார், எதைத் திறந்தார், எப்போது மூடினார், எப்போது கத்தினார்.

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

"அப்பா" என்றாள் மகள். "போன வாரம் நான் அம்மாகிட்ட கத்திட்டேன்ப்பா. புது வீட்டுக்கு முதல்ல வர்றது நீங்க ரெண்டு பேருன்னு வெச்சிருந்தேன். 'உன் ஜன்னல்தான் உனக்குப் பெருசு, என்னைப் பார்க்க வர்றது இல்லை'ன்னு சொல்லிட்டேன். அம்மா எதிர்த்து ஒண்ணுமே சொல்லலை. 'ஆமாடி, தப்புதான்'னு சொன்னாங்க."

இதை மனைவி அவரிடம் சொல்லவே இல்லை.

"போனை அம்மாகிட்ட குடுங்க."

அவர் எழுந்து முன்னறைக்குப் போனார். மெஷின் ஜன்னலோரம் வந்துவிட்டிருந்தது. அவள் இரண்டு நூல்கண்டுகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் வந்து நின்றவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு கண்டை மடியில் போட்டுவிட்டு, காலியான கையை மட்டும் போனுக்காக நீட்டினாள்.