பெரிய இடம்

தையலக்கா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவாள். மெஷினை மிதித்துக்கொண்டிருக்கிற கால்கூட ஒரு கணம் நிற்கும். "பெரிய இடம்."

வெறும் பணமிருந்தால் அவளிடம் அந்தப் பட்டம் கிடைத்துவிடாது. எதிரே நாலு மாடி எழுப்பிய மளிகைக் கடைக்காரரை, "அவன் நேத்து முளைச்சவன்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள். பெரிய இடமென்றால் தாத்தா காலத்திலிருந்தே மற்றவர்கள் எழுந்து நின்றிருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அங்கே இருப்பவர்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வதே கிடையாது. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவர்கள்தான் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள்.

அப்படிப்பட்ட இடத்திலிருந்து அவளுடைய ஒரே மகளைப் பெண் கேட்டு வந்தார்கள். மகள் வேலை பார்த்த அலுவலகத்தில் அவளைப் பார்த்த பையனுக்குப் பிடித்துப்போயிருந்தது. புருஷன் போன பிறகு அந்த மெஷினை நம்பியே வளர்த்த பெண். தையலக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்துக் கடையில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் வாய் சும்மா இருக்குமா? "இனிமே எங்க சட்டைக்கெல்லாம் பட்டன் வச்சுத் தருவீங்களா, பெரிய இடத்துச் சம்பந்தியம்மா?" என்றார். "போங்கண்ணே" என்றாலும் அவளுக்கு உள்ளூர ஒரே குளிர்ச்சி.

கல்யாணமாகிச் சில மாதங்களில் மகள் தனியாக வந்தாள். கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"யாரும் திட்டலம்மா. திட்டினாக்கூடப் பரவாயில்ல. நான் போய் உக்காந்தா பேச்சை நிறுத்திடறாங்க. அவர்கிட்டச் சொன்னா, எங்க வீட்டுல எப்படி நடந்துக்கணும்னு முதல்ல கத்துக்கோங்கறாரு. சோறே இறங்கல. கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டுமா?"

தையலக்கா பதறித்தான் போனாள். ஆனால் மகளை நினைத்துப் பதறவில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வாசலில் நிற்கும் கார், அதை எட்டிப் பார்க்கும் கடிகாரக்காரர், நாளைக்குத் தெரு என்ன பேசும் என்பதெல்லாம்தான் கண்முன்னே வந்தது.

"பெரிய இடம்னா அப்படித்தான்டி இருக்கும். நாமதான் அனுசரிச்சுப் போகணும்."

மகள் எழுந்து, "வந்ததுக்கு இந்தச் சட்டையையாவது பிடிச்சுக் குடு. லூசா இருக்கு" என்றாள்.

அதன் பிறகு மகள் எப்போது வந்தாலும் அதே வேலைதான். தையலக்கா இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுப்பாள். மிச்சத் துணியை வெட்டமாட்டாள். பிள்ளை உண்டானால் பிரித்து விட்டுக்கொள்ளலாமே! உள்ளே மடிப்பு தடித்துக்கொண்டே போயிற்று. மகள் குறை சொல்வதை விட்டுவிட்டாள். கேட்டால் "நல்லாருக்கேம்மா" என்பாள். தெருவில் கேட்டவர்களிடம், "பெரிய இடத்துலல்லாம் அளவாத்தான் சாப்பிடுவாங்க" என்று தையலக்காவே சமாளிப்பாள். ஊரார் உடம்பையெல்லாம் அளந்த கைக்குத் தன் மகள் உடம்பு தெரியாமலா போகும்? தெரிந்தது. வாய்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

போன தடவை மகள் ஒரு பையில் ஐந்தாறு சட்டைகளைத் திணித்துக்கொண்டு வந்தாள். ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றாள். தையலக்கா டேப்பைச் சுற்றினாள். அப்படியே நின்றுவிட்டாள். அது பள்ளிக்கூடச் சட்டைக்கு எடுத்த அளவு. அந்த அளவுச் சட்டை போட்டிருந்த பெண் வாசற்படியில் குதித்துக் குதித்து ஓடியவள்.

பாவி, நானே அனுப்பி அனுப்பி இப்படி ஆக்கிவிட்டேனே! டேப்பைக் கீழே போட்டாள்.

"போதும்டி. நீ போக வேண்டாம். இங்கயே இருந்துடு. எவன் என்ன வேணா பேசட்டும்."

இதைக் கேட்கத்தானே மகள் அன்றைக்கு வந்தாள்! இப்போது அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குனிந்து டேப்பை எடுத்து, சுருட்டி, அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"பெரிய இடம்னா அப்படித்தாம்மா இருக்கும். நாமதான் அனுசரிச்சுப் போகணும்."

குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் தையலக்கா அழுதாவது தீர்த்திருப்பாள். அம்மாவைப் போலவே குரலைத் தாழ்த்தி, அம்மாவைப் போலவே நம்பிச் சொன்னாள். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். "மத்ததை அடுத்த தடவை வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள்.

கடிகாரக்காரர் வழக்கம்போலத் தலையை நீட்டினார். "என்ன சம்பந்தியம்மா, பெரிய இடத்துல எல்லாரும் சௌக்கியமா?"

"அந்த வார்த்தையை என் காதுல போடாதீங்கண்ணே" என்றாள் தையலக்கா. மனுஷர் ஒன்றும் புரியாமல் தலையை இழுத்துக்கொண்டார்.

அவள் கடையைச் சாத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். பையிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தான் போட்ட தையலையெல்லாம் தானே பிரித்தாள். கல்யாணத்துக்கு முன்பிருந்த அளவுக்கு விட்டுத் தைத்து, கட்டிலுக்கு மேலே கொடியில் மாட்டினாள். மகள் என்றாவது இங்கேயே இருந்துவிட வந்தால் போட்டுக்கொள்ள வேண்டுமே. அவை இன்னும் அங்கேயே தொங்குகின்றன.