கூரைக்கும் சேர்த்து வந்த தடையுத்தரவு

காலை பத்தே முக்கால். நான் முதலில் பார்த்தது, கூரைச் சட்டத்தின் மேல் ஓர் ஆள் கையில் ஒற்றை ஓட்டுடன் நின்றதை. கீழே தாசில்தார் ஒரு காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அதைக் கொண்டுவந்த நீதிமன்ற அமீனா சைக்கிளைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை அகலப்படுத்திய சமயம், தொண்ணூறுகளின் கடைசி. நான் ஒரு நாளிதழின் திருவண்ணாமலை நிருபர். அந்த வீடு ஓர் இட்லிக்கடை. முன்னால் அடுப்பு, பின்னால் ஒரே அறை. கடை நடத்திய அம்மாவுக்குக் கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. வரிசையில் இருந்த மற்றவர்கள் மாற்று இடத்துக்குச் சம்மதித்துத் தங்கள் வீடுகளைத் தாங்களே பிரித்துக்கொண்டார்கள். இவர் மட்டும் வழக்குப் போட்டார். நீதிபதியின் உத்தரவு வந்து சேர்வதற்குள் அறையின் மேல் இருந்த ஓடுகள் இறங்கிவிட்டன. அடுப்பின் மேல் மட்டும் மிச்சம் இருந்தது.

மறு உத்தரவு வரும்வரை தற்போதைய நிலையே நீடிக்க வேண்டும் என்பதுதான் உத்தரவு.

தாசில்தார் ஒழுங்கானவர். காகிதத்தை மடித்தார். “நிறுத்துங்கப்பா. எல்லாரும் கீழ எறங்குங்க.”

“சார், கையில கீற ஓட்ட இன்னா பண்றது? மாட்டிட்டு வரட்டா, எடுத்துட்டு வரட்டா?”

தாசில்தார் யோசித்தார். “ரெண்டும் வேணாம். அங்கியே வெச்சிட்டு எறங்கு.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மறுநாள் என் செய்தி நான்கு வரி வந்தது. அரசை நீதிமன்றம் தடுத்தது என்ற அளவில் அது சரியான செய்தி.

அந்த உத்தரவு அம்மாவையும் கட்டுப்படுத்தும் என்பதை வக்கீல்தான் அவருக்குச் சொன்னார். “கீத்து போட்டாகூட நெலம மாறிடும்மா. நீங்களே மீறினீங்கன்னு அவங்க மனு போடுவாங்க. கோர்ட்ல கேட்டே போடுவோம்.” கேட்டார். பதில் சொல்ல அரசுத் தரப்பு வாய்தா வாங்கியது. அடுத்த முறையும் வாங்கியது. ஐப்பசி நெருங்கியது. மழைக்கு முன் கூரை வேண்டும், அம்மாவுக்கு வேறு கவலை இல்லை.

பழைய அண்டை வீட்டார் வருவதை நிறுத்திவிட்டார்கள். வழக்குப் போட்டவரோடு பேசினால் தங்கள் பட்டா தாமதமாகும் என்ற பயம். செங்கம் சாலையில் தனி அறையில் இருந்த நான் மட்டும் காலையில் போய்ச் சாப்பிட்டேன். பல நாள் பெஞ்சில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். நாங்களும் அதிகம் பேசியதில்லை.

ஒருநாள் தொகுதி எம்.எல்.ஏ. காரை நிறுத்தி இறங்கினார்.

“சட்டசபையில கேட்டேம்மா. கோர்ட்ல இருக்கிற விஷயத்தப் பேசக்கூடாதுன்னு உக்கார வெச்சிட்டாங்க.”

“தாசில்தார் இடிக்கக்கூடாது, நீங்க பேசக்கூடாது, நான் மூடக்கூடாது” என்றார் அம்மா, இட்லித் துணியைப் பிழிந்தபடி. “மழைக்கு மட்டும் யாரும் தடை வாங்கலியா, தலைவரே?”

அவர் சிரித்துவிட்டுக் காரில் ஏறினார்.

இதை எழுதலாமா என்று அலுவலகத்துக்குப் போன் செய்தேன். “உத்தரவக் கொற சொன்ன மாதிரி ஆயிடும். தீர்ப்பு வரட்டும்” என்றார் செய்தி ஆசிரியர்.

மழை வந்தது. மறுநாள் காலை அறைக்குள் தண்ணீர் நின்றது. பாயும் துணிமூட்டையும் பெஞ்சின் மேல் இருந்தன. நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

“ராத்திரி எங்க படுத்தீங்க?”

“எங்க படுக்கறது? அடுப்பாண்ட குந்தினு இருந்தேன்.” தட்டிலிருந்து இட்லியை எடுத்தபடி கேட்டார். “உங்க ரூம்ல பேச்சுத்தொணைக்கு யாராவது கீறாங்களா சார்?”

“இல்லம்மா.”

“இன்னும் ரெண்டு வெச்சிக்கோங்க. ஜாஸ்தி மிஞ்சிப்போச்சு.”

அதன் பிறகு நான் தீபத் திருவிழாச் செய்திகளில் மாட்டிக்கொண்டேன். திருவிழா முடிந்து நீதிமன்றம் கூடியபோது அரசு வக்கீல் ஆட்சேபணை இல்லை என்றார். கூரை போட்டுக்கொள்ள நீதிபதி அனுமதித்தார். அன்று மாலை உத்தரவைச் சொல்ல நானே போனேன். கதவில் பூட்டு தொங்கியது. வேலூரில் ஒரு வீட்டில் தங்கிச் சமைக்கிற வேலைக்கு அம்மா முந்தின வாரமே போய்விட்டதாக எதிர்க்கடைக்காரர் சொன்னார்.