என் தொப்பைக்குச் சான்று வாங்கப் புதுச்சேரி போய்வந்தது

விழுப்புரத்தில் ஒரு மிட்டாய்க் கடையில் முப்பத்தோரு வருடமாக அடுப்பு வேலை செய்கிறேன். சென்ற மாசியில் முதலாளி என்னை அடுப்பிலிருந்து இறக்கிப் பொட்டலம் மடிக்க உட்கார வைத்தார். "நெய் டின்னு தீருற வேகத்துக்கு உம்ம வயிறு வளருதுய்யா" என்று வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே சொன்னார். திருடன் என்பதைத்தான் சுற்றிச் சொன்னார்.

எங்கள் கடையில் எதைக் கிளறினாலும் முதல் துண்டு சாமி படத்துக்குப் போக வேண்டும். அதற்குமுன் யாரும் நாக்கில் வைக்கக் கூடாது. பாகின் பதத்தை விரலால் இழுத்துப் பார்ப்பேனே தவிர, ருசி பார்த்தவனல்ல. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னே வந்திருப்பது உண்மை. ஏன் வந்தது என்பதுதான் கேள்வி.

விடை, பொட்டலம் மடிக்க வந்த பழைய தாளிலேயே கிடைத்தது. ஏதோ வைத்தியப் பத்திரிகையின் பக்கம். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி இருக்கிறதாம். உடம்பில் கொழுப்பு எங்கே சேர வேண்டும், எங்கே கரைய வேண்டும் என்பதில் அதற்கும் பங்குண்டாம். நான் அதிகம் பள்ளிக்கூடம் போனவனல்ல. ஆனால் அந்தப் பக்கத்தை நாலு முறை படித்தேன். இந்தச் சுரப்பி வைத்தியம் படித்த டாக்டர் ஒருவர் புதுச்சேரியில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கிவிட்டால், முதலாளி என்னை அடுப்புக்குத் திருப்பி அனுப்பியே ஆகவேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து நாற்பது ரயில். இருபத்து நாலு மைல், எழுபது புதுப்பைசா. ஏழேகாலுக்குப் புதுச்சேரி. ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாக்காரன் முக்கால் ரூபாய் கேட்டான். அரை ரூபாய்க்கு மேல் தரமாட்டேன் என்றேன்.

"மிசே, உங்க வெயிட்டுக்கு ரெண்டு பேரு இழுக்கணும். நான் ஒருத்தன் இழுக்கறேன், பாத்து குடுங்க" என்றான். மிசே என்றால் அந்த ஊரில் ஐயா.

நடந்தே போனேன். இருபது நிமிடம்தான். வழி தெரியாவிட்டால் கடல் பக்கமாக நடந்தால் போதும்.

டாக்டர் என்னைவிட இளையவர், பிரான்சில் படித்த தமிழர். வயிற்றில் செவ்வூதாக் கோடுகள் இருக்கின்றனவா என்று விளக்கு வைத்துப் பார்த்தார். இரத்த அழுத்தம் பார்த்தார். பழைய போட்டோ உண்டா என்றார். பத்து வருடத்துக்கு முன் எடுத்ததைக் கொடுத்தேன். முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெரிய நோய் எதுவும் இல்ல பெரியவரே. அந்தச் சுரப்பி அளவுக்கு மேல வேலை செஞ்சா முகம் உப்பும், கோடு விழும். உங்களுக்கு அது கிடையாது."

"அப்ப என் வயித்துக்கும் சுரப்பிக்கும் சம்பந்தம் இல்லைன்றீங்களா?"

"அப்படிச் சொல்லல. சின்ன வயசுல நம்மள வளர்க்குற சுரப்பு அந்தச் சுரப்பியிலேருந்துதான் வருது, அது பெரியவங்களுக்கும் கொழுப்பைக் கரைக்குதுன்னு நம்புறாங்க. வயசாக ஆக அது குறையலாம். அளந்து பாக்க இங்க கருவி இல்ல."

"கருவி இல்லாட்டி போவுது. நான் திருடலைன்னு எழுதிக் குடுங்க."

சிரித்துவிட்டார். "நீங்க என்ன சாப்பிட்டீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்சத எழுதறேன்" என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மடித்துப் பையில் வைத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை. அதுதான் என் தவறு.

பதினொன்றே கால் பஸ் ஏறினேன். பத்தாவது மைலில் எல்லைச் சாவடி. புதுச்சேரி நம்மோடு சேர்ந்து ஏழு வருடமாகியும் அங்கே சாராயம் உண்டு, இங்கே மதுவிலக்கு. ஆகவே சோதனை உண்டு. சைக்கிள் டியூபில் சாராயம் நிரப்பி வயிற்றில் சுற்றிக் கடத்துவார்கள். போலீஸ்காரர் நேரே என்னிடம் வந்தார்.

"பெருசு, எறங்கு. டியூப்ப அவிரு."

"இது டியூப் இல்லைய்யா, வயிறு." சட்டையைத் தூக்கினேன். விரலால் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தார். அத்தோடு விட்டிருப்பார். நான்தான் விடாமல் டாக்டர் கடிதத்தை நீட்டினேன். பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இது இன்னா எழுத்து? சாராயக்கடை ரசீதா?"

பஸ்ஸே சிரித்தது. வாங்கிப் பார்த்தேன். முழுக்கப் பிரெஞ்சு. விழுப்புரத்தில் அதைப் படிக்க ஆள் ஏது? முதலாளி அதில் பூந்தி மடித்துக் கொடுப்பார்.

எதிர்ப்பக்கம் போய் நின்று மறுபடி புதுச்சேரி பஸ் ஏறினேன். பெரிய மார்க்கெட் அருகே பிரெஞ்சு மனு எழுதித் தருபவர் ஒருவர் உண்டு. அந்த ஊரில் பகலில் கதவைச் சாத்தினால் மூன்றரைக்குத்தான் திறக்கிறார்கள். அவர் கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்ததும் ஒன்றரை ரூபாய் வாங்கிக்கொண்டு தமிழில் எழுதிக் கொடுத்தார்: "இவருடைய வயிறு, இவர் வயதில் பலருக்கும் வருவது. சுரப்பிகளின் மாற்றமும் காரணமாக இருக்கக்கூடும். வயிற்றைப் பார்த்து ஒருவர் என்ன தின்றார் என்று சொல்ல முடியாது."

நான் கேட்டது இதுவல்ல. ஆனால் எனக்கு இது போதும்.

மறுநாள் காலை, கடையில் ஆட்கள் இருக்கும்போது உரக்கப் படித்தேன். முதலாளிக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு, வயிறு ஒரு சாண் அதிகம். "இவர் வயதில் பலருக்கும்" என்ற இடத்தில் நிறுத்தி, "உங்களுக்கு யாரு வீட்டு நெய்ங்க முதலாளி?" என்று கேட்டேன்.

முதலாளி வயிற்றின்மேல் வேட்டியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "போயி கிளர்ற துடுப்ப எடும்" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. "எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. எல்லார் முன்னாடியும் இல்லைன்னு சொல்லுங்க."

மூன்று நாள் பொட்டலம்தான் மடித்தேன். மூன்றாம் நாள் வேறு ஆள் கிளறிய அல்வா கல்லாகி, வாங்கிய ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தார். அவர் முன்னிலையிலேயே முதலாளி சொன்னார்: "இவுரு எடுக்கல. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்." இப்போது அடுப்பில்தான் நிற்கிறேன். வயிறும் கூடவே நிற்கிறது.

போகிறவர்களுக்கு: காலை ரயிலே நல்லது. பழைய போட்டோ கொண்டுபோங்கள். எழுதி வாங்கியதை டாக்டர் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள். திரும்பும்போது தொளதொள சட்டை வேண்டாம். சாவடியில் வயிற்றைக் குத்தினால் கோபிக்காதீர்கள். அந்தப் போலீஸ்காரராவது தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வந்தார்.