போலி என்று ஒதுக்கிய நான்கு படங்கள்

வங்கியில் காசோலைக் கையெழுத்தை ஒத்துப் பார்க்கிற வேலை அவருக்கு. கணக்குத் திறந்த அன்று போட்ட கையெழுத்தையும் இன்று வந்ததையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒரே ஆள் போட்டவைதானா என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தால் அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்தார். படக்கதை ஓவியர்கள் கையால் வரைந்த படங்களை இணையத்தில் வாங்கி விற்கும் குழு ஒன்றில் இருந்தார். யாராவது ஒரு படத்தைப் போட்டு ‘அசலா?’ என்று கேட்டால் மற்றவர்கள் வாயைத் திறக்காமல் அவர் பதிலுக்காகக் காத்திருப்பார்கள். குழுவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

அவர் மனைவிக்கு அந்தப் பெயர் மேல் ஒரே இளக்காரம். “வீட்டுல உப்பு தீர்ந்தா கண்ணுக்குத் தெரியாது. எவனோ வரைஞ்ச மூக்கு கோணலா இருந்தா மட்டும் பளிச்சுன்னு தெரியும்” என்பாள்.

அவர் கண் அப்படித்தான். அச்சான பக்கத்தைப் பார்த்து நகலெடுத்தவன் அச்சில் விழுந்த பிசிறையும் சேர்த்து வரைந்திருப்பான். புதுத் தாளைத் தேநீரில் நனைத்துப் பழசாக்கியவன் ஓரக் கறையில் மாட்டிக்கொள்வான். எல்லாவற்றுக்கும் மேலே கோடு. வரைந்து பழகியவன் கோடு ஓடும். பார்த்துப் பார்த்து இழுப்பவன் கோடு நடுங்கும். அவர் ‘போலி’ என்று ஒரு வார்த்தை எழுதினால் விற்க வந்தவன் இருந்த இடம் தெரியாமல் போவான்.

ஒரு நாள் நான்கு பென்சில் படங்கள் விற்பனைக்கு வந்தன. குடையும் கையுமாகத் திரியும் ஒரு துப்பறிவாளர். சின்ன வயதில் பூதக்கண்ணாடி வாரப் பத்திரிகைக்காகத் தம்பியோடு அடித்துக்கொண்டதே அந்தக் கதைக்காகத்தான். அதை வரைந்த ஓவியர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார் என்றுதான் குழுவில் பேச்சு. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். கோடு தொடக்கத்திலிருந்து கடைசிவரை நடுங்கியது. ‘போலி. அதுவும் மட்டமான போலி’ என்று எழுதினார். ஆளாளுக்குப் புகார் கொடுத்தார்கள். விற்க வந்தவரின் கணக்கைத் தளத்துக்காரர்கள் முடக்கிவிட்டார்கள்.

மறு வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு.

“நீங்கதானே அந்தப் பூதக்கண்ணாடி?” வயதான ஒரு பெண்ணின் குரல்.

“ஆமா. நீங்க யாரும்மா?”

“நீங்க மட்டமான போலின்னு எழுதினீங்களே, அதை வரைஞ்சவரோட வீட்டுக்காரி. அவர் இன்னும் உயிரோடதான் இருக்கார் தம்பி. வந்து பார்த்துட்டு அப்புறம் எழுதுங்க.”

போனார். பேட்டரிக் கடை ஒன்றின் மாடியில் ஓர் அறை. பக்கவாதம் வந்து எழுந்த ஓவியர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பலகை. அவர் விரலோடு பென்சிலைச் சேர்த்துத் துணியால் கட்டிவிட்டாள் மனைவி. ஓவியர் வரைய ஆரம்பித்தார். கோடு நடுங்கியது. முதலில் காது, பிறகு தொப்பி, கடைசியில்தான் கண். பாதியில் நின்ற பழைய படங்களில் காது மட்டும் ஏன் முழுசாக இருக்கும் என்று பூதக்கண்ணாடிக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அன்றே குழுவில் எழுதினார்: ‘தப்பு என்னுடையது. அந்தப் படங்கள் அசல். ஓவியர் இருக்கிறார், என் கண்முன் வரைந்தார்.’

‘உனக்கு எவ்வளவு வெட்டினாங்க?’ என்று முதல் பதில் வந்தது. ஓவியர் வரைவதைப் படம்பிடித்துப் போட்டார். ‘யாரோ ஒரு கிழவரை உட்கார வச்சிருக்கான்’ என்றார்கள். போலி என்று அவர் சொன்னதை யோசிக்காமல் நம்பியவர்கள், அசல் என்றதைக் காதிலேயே வாங்கவில்லை.

தன்னால் ஆனதாவது செய்யலாம் என்று, வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி எடுத்துப் போனார். அதே துப்பறிவாளர்தான், அதே ஓவியரின் பழைய படம். குழுவில் ஒருவரிடம் வாங்கியது, அவரே அசல் என்று தீர்ப்புச் சொன்னது. ஓவியர் அதில் ஒரு கையெழுத்துப் போட்டால் குழுக்காரர்கள் நம்புவார்கள் என்று நினைத்தார்.

ஓவியரின் மனைவி வாசலிலேயே அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “இது இவர் வரைஞ்சது இல்ல தம்பி” என்றாள் மெதுவாக. “ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலயும் எந்த வாரத்துக்குன்னு நான்தான் எழுதுவேன். இதுல என் எழுத்தே இல்லையே.”

அதற்குள் ஓவியர் கட்டிலிலிருந்து கையை நீட்டிவிட்டார். “என்னது அது? குடு.”

படத்தை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நல்ல கை விரலால் குடையின் வளைவைத் தடவினார். “என்னமா ஓடுது பாரு” என்றார். கண் கலங்கியது.

“ஐயா, இது... உங்களோடதுதானா?”

“பின்ன? என் கை எனக்குத் தெரியாதா?”

மனைவி பின்னாலிருந்து பூதக்கண்ணாடியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “சொல்லிடாதீங்க.”

அவர் சொல்லவில்லை. ஓவியர் மற்றக் கையில் பென்சிலோடு சுற்றியிருந்த துணியைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார். பென்சில் தரையில் விழுந்து உருண்டது. “ஒரு காலத்துல இப்படி வரைஞ்சாச்சு. இனிமே இந்தக் கிறுக்கலைப் போட்டு அந்தப் பேரையும் கெடுக்கணுமா?” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

பூதக்கண்ணாடி அந்தப் படத்தை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினார். மறுநாள் மனைவி துணியைக் கட்டப் போனபோது ஓவியர் விரலை மடக்கிக்கொண்டாராம். அதற்கடுத்த நாளும் அப்படியே.

“உண்மையைச் சொல்லிடட்டுமாம்மா? அது எவனோ வரைஞ்சதுன்னு?” என்று போனில் கேட்டார்.

“சொல்லி? இப்ப வரையறதும் கிறுக்கல், அப்ப வரைஞ்சதையும் அடையாளம் தெரியலன்னு ஆயிடும். விடுங்க.”

அவர் குழுவிலிருந்து விலகினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் படத்தை அவருக்கு விற்ற ஆள்தான் இப்போது அங்கே அசல், போலி சொல்கிறாராம்.

கொஞ்ச நாள் கழித்து, விற்காமல் போன அந்த நான்கு படங்களையும் தானே வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்க ஓவியரின் மனைவியை அழைத்தார்.

“அது இப்ப இல்ல தம்பி. அவரே கேட்டு வாங்கினார். நாலா மடிச்சு, கட்டில் காலுக்கு அடியில வைக்கச் சொல்லிட்டார்.” பிறகு, ஆறுதல் சொல்வது போலச் சொன்னாள்: “இப்ப கட்டில் ஆடறதில்ல.”