ஒருசந்தி வெள்ளியும் மூடாத ஃபைல்களும்

தின்னர் வாசனை... இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்கு வயிறு காயும்.

எண்பதுகளின் நடுவில், ஜாலான் புசார் தெருவில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே பெயின்ட் டின்னைத் திறந்தால் மேலே எங்களுக்குத் தலை வலிக்கும். மொத்தமே மூன்று பேர். பாஸ் மாணிக்கம், சீனியர் சிவா, புதிதாகச் சேர்ந்த நான். கிளினிக்குகளின் நோயாளி கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் புரோகிராம் செய்துகொண்டிருந்தோம், சி மொழியில். நாள் முழுக்க இருக்கிற, இல்லாத கார்டு நம்பரெல்லாம் அடித்து அதைச் சோதிப்பது என் வேலை.

ஃபைலைத் திறப்பது, மெமரி கேட்டு வாங்குவது, திருப்பிக் கொடுப்பது... இந்த அடிமட்ட வேலைக்கெல்லாம் பாஸ் தன் கையாலேயே ஒரு லைப்ரரி, அதாவது எல்லாருக்கும் பொதுவான கோட் தொகுப்பு, எழுதி வைத்திருந்தார். நாங்கள் அதைக் கூப்பிடுவோம், அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்த ஆள் கிடையாது. பாஸ் எழுதியதாச்சே!

அவருக்கு ஒரு வழக்கம். மதியச் சாப்பாட்டு நேரம் வந்தால் எழுந்து, எல்லா மெஷினிலும் புரோகிராமை மூடி, சுவிட்சை அணைத்துவிடுவார்.

"மெஷினுக்கும் ரெஸ்ட் வேணும் லா. வாங்க, சாப்பிடப் போவோம்."

தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் நான் ஒருசந்தி விரதம், மதியச் சாப்பாடு கிடையாது. அவர்கள் இருவரும் கிளம்பிப் போவார்கள். நான் மட்டும் உட்கார்ந்து வேலை பார்ப்பேன். என் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் வெள்ளி. டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி. அப்படியே நின்றுவிட்டது. காலையிலிருந்து அடித்ததெல்லாம் போச்சு!

அடுத்த வெள்ளியும் அதே கதை. அதற்கடுத்த வெள்ளியும்... மற்ற நாள்களில் ஒரு பிசகும் இல்லை.

பாஸ் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்.

"கிரேஸ், வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் இப்படி ஆவுது? நீங்க தனியா இருக்கிற நாள்ல மட்டும்?"

"தெரியல சார்."

"வேற கம்பெனிக்கு இன்டர்வியூ போனீங்களாமே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனது நிஜம். சிவாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"மாசக் கடைசியில உங்க புரொபேஷன் முடியுது. அதுக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும்."

அப்பா கண் ஆபரேஷனுக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வருகிற சம்பளம் என்னுடையது ஒன்றுதான். அன்று சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை முழுக்க எனக்குச் சிவா நினைப்புதான். ஆண்டவர் மன்னிக்கட்டும், ஜெபிக்கவில்லை, கரித்துக் கொட்டினேன். இவன்தான் போட்டுக் கொடுத்தான். இவன்தான் என் டிஸ்க்கிலும் கை வைக்கிறான்!

விடுவேனா? வியாழன் சாயங்காலம் கிளம்பும்போது டிஸ்க் டப்பா மூடியில் என் தலைமுடி ஒன்றை எச்சில் தொட்டு ஒட்டினேன். வெள்ளி காலை முடி வைத்த இடத்திலேயே இருந்தது. அன்று முழுக்க மெஷினை விட்டு நகரவில்லை. அப்படியும் நின்றது.

ஆக, சிவா இல்லை. நானும் இல்லை. அப்புறம் யார்?

வெள்ளிக்கு மட்டும் அப்படி என்ன விசேஷம் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் போனேன். என் பட்டினிதான் விசேஷம். நான் பட்டினி கிடந்தால்... மெஷின் அணைவதில்லை!

திங்கள்கிழமை, வயிறு சரியில்லை என்று சொல்லி மதியமும் மெஷினை விட்டு எழவில்லை. டீக்கு முன்னால் நின்றது. திங்கள்கிழமையில்! கைதட்டாத குறைதான்.

அதன்பிறகு பாஸின் லைப்ரரியைத் திறந்தேன். வரிக்கு வரி சந்தேகப்பட்டுக்கொண்டே படித்தேன். கார்டைத் தேடும் இடத்தில் மாட்டியது. ஃபைலைத் திறக்கிறது, மெமரி வாங்குகிறது, கார்டு கிடைத்தால் இரண்டையும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கிறது. கிடைக்காவிட்டால்? 'இல்லை' என்று சொல்லிவிட்டு அப்படியே வெளியே வந்துவிடுகிறது. ஃபைல் திறந்தபடி கிடக்கும், மெமரியும் போனது போனதுதான்.

எங்கள் தெருவில் சின்னச் சின்ன ஹோட்டல்கள் நிறைய. சாவி வாங்கி அறையைப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று சாவியோடு நடையைக் கட்டுகிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் கவுன்டரில் கொடுக்கச் சாவியே இருக்காது. மற்ற நாள்களில் பாஸ் மதியம் புரோகிராமை மூடும்போது சாவிகள் எல்லாம் தானாகத் திரும்பிவிடும். வெள்ளிக்கிழமை திரும்பாது.

"என் கோட்லயா?" என்றார் பாஸ்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ம்... இங்க மூடல." கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப அந்த இன்டர்வியூ?"

"அது நிஜம்தான் சார்."

சிரித்துவிட்டார். வேலை நிரந்தரமானது. மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. சிவாதான் அடுத்த வெள்ளி மதியம் சாப்பிடப் போகாமல் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நான்தான் சொல்லிட்டேன் கிரேஸ். வாய் தவறிடுச்சு லா."

"தெரியும். நான் உங்களைத் திட்டாத திட்டு இல்ல."

இப்போதெல்லாம் மெமரியைத் திருப்பிக் கொடுப்பதை புரோகிராம் எழுதும் மொழியே பார்த்துக்கொள்கிறதாம். மகள் சொல்கிறாள், அவளும் இதே தொழில்தான். போன வாரம் என் ஃபோன் அப்படியே நின்றுவிட்டது.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்மா, சரியாயிடும்."

சரியாகத்தான் ஆனது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை... நாங்களும் அப்படித்தானே, தினம் மதியம் அணைத்து அணைத்து அந்தப் பிழையை மூடி வைத்திருந்தோம்? கடைசியில் பழி விழுந்தது, அணைக்காமல் பட்டினியாக உட்கார்ந்திருந்தவள் மேல்.