அம்பத்தூரில் தூண்டில் கைப்பிடி விற்றேன்

தூண்டில் விற்பது எளிது, அதன் கைப்பிடியை விற்பதுதான் ஆளைத் தின்றுவிடும். கடை வைத்து வாடிக்கையாளரிடம் வதைபட்ட அன்பர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் மேனாம்பேட்டில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. தொழிற்பேட்டைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் ஏரிக்கரையில் போய் உட்காருவார்கள். கழி, நரம்பு, முள், தக்கை எல்லாவற்றையும் வாய் திறக்காமல் வாங்குவார்கள். கைப்பிடி என்றதும் பெண் பார்க்கிற முகம் வந்துவிடும். என்னிடம் இருந்தது நாலே தினுசு: மொட்டை மூங்கில், நூல் சுற்றியது, கடைசல் மரம், கார்க். இது என் கைக்கு ஒத்துவருமா என்று பிடித்துப் பார்த்தவர் ஒரே ஒருவர். அவருக்கு நேர்ந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மற்றவர்கள் வழியில் தாமாகவே வந்து விழுகிறார்கள்.

உறை கழற்றாத கார்க்

தேவராஜன் ஒரு பட்டறையில் வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸ் கிளார்க். இருப்பதிலேயே உசத்தியான கார்க் கைப்பிடிதான் வேண்டுமென்றார். தூசு படியாமல் இருக்க அதற்கு நான் பாலிதீன் உறை போட்டு வைத்திருந்தேன். "உறையைக் கழற்றிடுங்க சார், ஈரக் கையில வழுக்கும்" என்றேன். வேட்டியை அவிழ்க்கச் சொன்னதுபோல் முறைத்தார். அவர் வீட்டு ரேடியோவுக்கு உறை, சைக்கிள் சீட்டுக்கு உறை, அந்த உறை கிழியாமல் இருக்க அதன்மேல் ஒரு துணி.

ஏரியில் ஒரு விரால் இழுத்த இழுப்பில் கழி கையிலிருந்து வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. மறுநாள் சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். வந்தார், அதே மாதிரி இன்னொன்று கேட்டார். இதற்காவது உறையைக் கழற்றிவிடலாமே என்று கெஞ்சினேன். அவர் சொன்னது: "உறை இருந்ததாலதானே சார், ஏரிக்குள்ள கிடந்தாலும் அது புதுசாவே இருக்கும்."

மூன்று விரல்

ஏழுமலை அதே பட்டறையில் ஃபோர்மேன், சேக்காட்டுக்காரர். வலது கையின் மோதிர விரலையும் சுண்டு விரலையும் பிரஸ் மெஷின் எடுத்துக்கொண்டுவிட்டது. அதற்கு முன்பு அவர் தூண்டில் போட்டால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுமாம். அதன்பிறகு கழி கையில் நிற்பதில்லை. என் நாலு தினுசையும் ஒவ்வொன்றாகப் பிடித்து வீசிப் பார்த்தார். நாலும் நழுவின.

பொங்கல் கழித்து அவருக்கு வேலையிலிருந்து ஓய்வு. அதற்குள் நீளமாக, முழங்கைக்கு அடியில் இடுக்கிக்கொள்ளும்படி, சைக்கிள் ட்யூப் சுற்றித் தடியாக ஒன்று செய்து தருகிறேன் என்றேன். மனிதர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "வேலைய உட்டப்புறம் எனக்குன்னு கீற ஒரே ஆச இதான் நைனா, கொஞ்சம் பாத்து பண்ணிக் குடு."

இரண்டு வேலைக்கு ஒரு கம்பு

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள், திருநெல்வேலிப் பக்கம். கணவர் நூல் சுற்றிய குட்டைக் கைப்பிடியை ஆசையாகத் தடவிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே நீளமான கடைசல் மரத்தை எடுத்தார். கணவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டில் காலுக்குப் பக்கத்தில் வைத்து அளப்பதுபோல் தரையில் ஊன்றிப் பார்த்தார்.

இவ்வளவு கனம் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் மணிக்கணக்கில் உட்கார முடியாதம்மா என்றேன். கணவர் நன்றியோடு என்னைப் பார்த்தார். அந்த அம்மாள் பார்க்கவில்லை. "கொசுவலை கட்டதுக்கு இதான் தோது, ஞாயித்துக்கிழமை ஒரு நாள் இவாளும் வச்சுக்கிடட்டும்."

பிரிவு உபசாரக் கமிட்டி

பொங்கலுக்கு முன்பு பட்டறையிலிருந்து தேவராஜன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏழுமலைக்குப் பிரிவு உபசாரமாம், தூண்டில் பரிசாம். நல்ல யோசனை, அவருக்கான கைப்பிடி பாதி தயாராகிவிட்டது என்று எடுத்துக் காட்டினேன். ட்யூப் சுற்றிய அந்தத் தடியைப் பார்த்து மூவரும் மூக்கைச் சுளித்தார்கள். மானேஜர் கையால் கொடுக்கிற பொருளா இது என்றார்கள். தேக்கில் மெல்லிசாகக் கடைந்து, வார்னிஷ் அடித்து, பித்தளைத் தகடு பதிக்க வேண்டும். தகட்டில் மானேஜர் பெயர் பெரிதாக, ஏழுமலை பெயர் சின்னதாக.

அவருடைய வலது கையைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பார்த்திருக்கிறார்கள், வருடக்கணக்காக. தினமும் வருகைப் பதிவில் அந்தக் கைதான் கையெழுத்துப் போட்டது. மெல்லிசு நிற்காது, வழுக்கிவிடும் என்றேன். எனக்குக் கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. தேவராஜன் குழந்தைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்: "மேடையில அவர் சும்மா வாங்கிக்கத்தானே போறார், அங்கேயே மீனா பிடிக்கப் போறார்?"

அறுத்தெடுத்தது

விழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை வந்தார். கமிட்டி என்னிடமே செய்துவாங்கித் தந்த கழியை மேசைமேல் வைத்து, கைப்பிடியை அறுத்துவிடச் சொன்னார். அறுத்தேன். ட்யூப் சுற்றியதை மாட்டிக் கொடுத்தேன். முழங்கைக்கு அடியில் இடுக்கி, கடை வாசலில் நின்று ஒரு வீசு வீசினார். நழுவவில்லை. மறுபடி வீசினார். அதற்குள் எதிர் டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தகடு பதித்த தேக்குக் கட்டையை எடுத்துப் போகவில்லையா என்று கேட்டேன். அவர் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சொன்னார்: "வெரலு போனன்னிக்கி ஒர்த்தனும் போட்டா எடுக்கல நைனா, இந்தக் கட்டய குடுக்கசொல்லோ மட்டும் கைய தூக்கு தூக்குன்னு மூணு வாட்டி எடுத்தானுங்கோ, நீயே வெச்சுக்க."

அந்தக் கட்டையைக் கடை வாசலில் மாட்டி வைத்தேன், அதைப் பார்த்துவிட்டு அடுத்து ஓய்வு பெறுகிறவருக்கும் அதே அச்சில் ஒன்று வேண்டுமென்று அதே கமிட்டி வந்து நின்றது என்பதைத் தவிர இந்த வியாபாரத்தைப் பற்றி எனக்கு வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.