ஒற்றைச் செருப்புச் சித்தப்பா

அந்த ஆய்வகத்தில் அவர் யாருக்கும் சித்தப்பா இல்லை. ஆனால் எல்லோருக்கும் சித்தப்பா. மீசை முளைத்த காலத்தில் குழாய் கழுவ வந்தவர், மீசை நரைத்த பிறகு நொதி கலக்குபவராகியிருந்தார்.

அந்த நொதியின் வேலை பார்த்து எழுதுவது. செல் இரண்டாகும்போது டிஎன்ஏவின் பழைய இழையில் மெத்தில் குறிகள் இருக்கும், புது இழை மொட்டையாக நிற்கும். பழையதைப் பார்த்துப் புதியதிலும் அதே இடத்தில் குறி வைக்க வேண்டும். ஆனால் நொதியோ தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதத்தின் துண்டு ஒன்று, குட்டிப் புரதங்கள் இரண்டைச் சுமந்து வந்து தொட்டால்தான் கையை எடுக்கும்.

அந்தத் துண்டை முதன்முதலாகச் சேர்த்த அன்றுதான் நொதி வைத்த குறிகளை எண்ணும் கருவியில் எண் எகிறியது. அன்றுதான் சித்தப்பாவின் இடது செருப்பும் வார் அறுந்தது. வலது செருப்போடு மட்டும் நின்று கலக்கினார்.

"துண்டு சேர்த்ததால வந்துச்சு, சரி. செருப்புக்குப் பங்கு இல்லைன்னு யாரு சொன்னா?" என்றார் இயக்குநர்.

அன்றிலிருந்து சித்தப்பா அங்கே ஒற்றைச் செருப்போடுதான் நின்றார். புதிதாக வந்த மாணவர்கள் கேள்வி கேட்காமல் இடது செருப்பை வாசலில் கழற்றினார்கள்.

சித்தப்பாவின் மகளுக்கு முதல் பிரசவம். அப்பா பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். சித்தப்பா விடுப்புக் கேட்டார். வலது செருப்பை ஆய்வகத்தில் விட்டுவிட்டுப் போகலாம், நொதி மக்கர் செய்தால் அடுத்த பேருந்திலேயே திரும்பிவிட வேண்டும் என்றார் இயக்குநர். சித்தப்பா வார் தைத்த இடது செருப்போடு பேருந்து ஏறினார்.

பிரசவ அறை வாசலில் நிற்கும்போது கைபேசி அடித்தது. இயக்குநர்தான்.

ஆய்வகம் கூட்டுகிற அம்மா வலது செருப்பைக் குப்பையில் போட்டுவிட்டார்களாம். ஆனால் நொதி ஜோராக வேலை செய்ததாம்.

"நல்லதுதானே சார்."

"எங்க நல்லது? செருப்பில்லாம வந்த எண்ணை எப்படி நம்புறது? கிளம்பி வாங்க."

"மக உள்ள இருக்கா சார். வேணும்னா இங்கேயே ஒத்தச் செருப்போட நிக்கிறேன்."

"எந்தக் கால்ல?"

"இடது."

"வலதுல மாத்திப் போடுங்க. போனை வைக்காதீங்க. சோதனையை மறுபடி ஓட்டுறோம்."

இடது செருப்பை வலது காலில் திணித்துக்கொண்டு நின்றார். நேரம் போனது. கால் மரத்தது. பெஞ்சில் இருந்த மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பேரப்புள்ள வர்ற நேரத்துல கொக்கு மாதிரி நிக்கிறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?"

கதவு திறந்தது. "பேத்தி பொறந்திருக்கா. உங்க மக அப்பா எங்கன்னு கேக்கிறா, வாங்க," என்றார் செவிலி.

சித்தப்பா கைபேசியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிப் பெஞ்சடியில் வைத்தார். அழைப்பைத் துண்டிக்காமல் கைபேசியை அதன்மேல் பக்குவமாகச் சாய்த்து வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார்.

"அப்படியே நில்லுங்க சித்தப்பா," என்றது செருப்பு, "எண்ணு ஏறுது."